ஐந்து பதக்கங்களும் ஒரு தபால் அட்டையும்: அடையாளம் கண்ட விதம்

சென்னையில் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை வாங்கினேன். உள்ளே நான்கு நட்சத்திரப் பதக்கங்கள், ஒரு வட்டப் பதக்கம், நைந்துபோன ரிப்பன் துண்டுகள், சில பித்தளைப் பொத்தான்கள், சணலால் கட்டிய ஒரு கட்டு தபால் அட்டைகள். "பர்மா சண்டைக்குப் போனவரோட செட்டு சார், வீட்டை இடிச்சப்ப வந்தது" என்றார். அந்தச் செட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது யாருடையது, எந்தப் போர்முனை, எந்த வருடம் என்று பிரித்தெடுத்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். தாத்தாவின் பதக்கம் பீரோ லாக்கரில் கிடக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் போனால் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அவர்களுக்கு இது பயன்பட வேண்டும்.

முதல் வேலை, எதையும் தேய்க்காமல் இருப்பது. நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி, பித்தளை என்றால் புளி என்று கை தானாகப் போய்விடும். விளக்கு துலக்க அது சரி. பதக்கத்துக்கு அது நாசம். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் நல்ல வெள்ளி. அதை வருடா வருடம் ஆயுத பூஜைக்கு விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விளிம்பில் இருந்த பெயரே மழுங்கிப்போன பதக்கங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழி அந்தப் பெயர்தான். பளபளப்பு போனால் ஒன்றும் இல்லை, பெயர் போனால் திரும்பாது.

அதனால் டப்பாவில் இருந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி, இருபுறமும் படம் எடுத்தேன். எந்த ரிப்பன் எதில் கோத்திருந்தது, எந்த அட்டை எதற்கு மேல் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். கலைத்த பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

பெயரைப் படிப்பது

இரண்டாம் உலகப் போர் பதக்கங்களில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டன் தன் சொந்தப் படைவீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை, வெறுமையாகத்தான் கொடுத்தது. இந்திய ராணுவத்தாருக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரம் என்றால் பின்புறத்தில் இருக்கும். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பைச் சுற்றி ஓடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், மிகச் சின்னதாக.

எண்பது வருட அழுக்கும் களிம்பும் ஏறிய பின் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைப் பதக்கத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தேன். பள்ளமான இடங்களில் நிழல் விழுந்ததும் எழுத்துகள் எழுந்து வந்தன. ஒரு இடத்தில் மட்டும் பச்சைக் களிம்பு எழுத்தையே மூடியிருந்தது. அதை மூங்கில் பல்குச்சியின் முனையால், தண்ணீர் எதுவும் தொடாமல், லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்லச் சுரண்டினேன். இரும்பு ஊசி வேண்டவே வேண்டாம், புதுக் கீறல் விழும். வட்டப் பதக்கத்துக்கு மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பிடித்து, அதன் மேல் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் முழு வரியும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

பதவியைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், என்.கே. என்றால் நாயக், எச்.ஏ.வி. என்றால் ஹவில்தார், ஜே.இ.எம். என்றால் ஜமேதார். எஸ். அண்ட் எம். என்று வந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது போன்ற வேலை பார்த்த பொறியியல் படை. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் வண்டியும் ரேஷனும் பார்த்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். ஐ.ஏ.எம்.சி. என்றால் மருத்துவப் படை. நம் ஊர்ப் பெயர்களைப் படையின் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே கோவிந்தசாமிக்கும் முனுசாமிக்கும் எத்தனை விதமான எழுத்து வரும் என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டும். எழுத்து மாறினாலும் எண் மாறாது. எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் டப்பாவில் மூன்று நட்சத்திரங்களிலும் வட்டப் பதக்கத்திலும் ஒரே எண், ஒரே பெயர். பதவி சாப்பர். படை, மதராஸ் சாப்பர்ஸ். 1780-ல் மதராஸ் பயனியர்களாகத் தொடங்கி இன்றும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இருக்கும் அதே படைதான், 'தம்பிகள்' என்று ராணுவத்தில் செல்லமாகக் கூப்பிடுவார்களே அவர்கள். நான்காவது நட்சத்திரத்தில் வேறு எண், வேறு பெயர், வேறு படை. அதுதான் பர்மா ஸ்டார்.

நட்சத்திரங்கள் சொன்ன பாதை

இந்த நட்சத்திரங்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மஞ்சள் உலோகம், ஆறு முனை, 38 மில்லிமீட்டர் அகலம், 44 உயரம், நடுவில் கிரீடத்தோடு ஆறாம் ஜார்ஜின் பெயரெழுத்துகள், அதைச் சுற்றிய வளையத்தில் பதக்கத்தின் பெயர். தூரத்தில் இருந்தே வித்தியாசம் சொல்வது ரிப்பன்தான். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருந்தால் 1939-45 ஸ்டார். மணல் நிறத்தில் நடுவே அகலமான சிவப்பு, இரு பக்கமும் மெல்லிய கருநீலமும் வெளிர்நீலமும் என்றால் ஆப்பிரிக்கா ஸ்டார். கருநீலக் கோடு பார்ப்பவருக்கு இடது பக்கம் வர வேண்டும், கடைக்காரர்கள் பெரும்பாலும் திருப்பிக் கோத்துவிடுவார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று இத்தாலியக் கொடியை நினைவூட்டினால் இத்தாலி ஸ்டார். கருநீலத்தின் நடுவில் அகலச் சிவப்பு, நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். மலாயா, சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி வரை போரிட்டவர்களுக்குக் கொடுத்தது பர்மா ஸ்டார் இல்லை, பசிபிக் ஸ்டார். பச்சை ரிப்பனின் நடுவில் மஞ்சள் ஓடும். சிங்கப்பூரில் பிடிபட்ட உறவினரைத் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு உண்டு. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. வட்டமாக இருந்தது வார் மெடல் 1939-45, சிங்கம் ஒன்று இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும். போர்க்காலத்தில் 28 நாள் பணியில் இருந்தாலே இது கிடைத்தது, அதனால் எங்கே போனார் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

நம் சாப்பரின் மூன்று நட்சத்திரங்கள் 1939-45, ஆப்பிரிக்கா, இத்தாலி. ஆக அவர் போனது வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும். மதராஸ் சாப்பர்ஸின் 12-வது பீல்டு கம்பெனியும் 11-வது பீல்டு பார்க் கம்பெனியும் 4-வது இந்திய டிவிஷனோடு இருந்தவை. அந்த டிவிஷன் எரித்திரியாவில் கெரன், பிறகு லிபியா, துனிசியா, 1944-ல் இத்தாலியில் கசினோ என்று போனது. 11-வது பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். வீரச் செயலுக்காகப் பிரிட்டன் கொடுக்கும் உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் அவர், காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பனில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. ரிப்பன் முழுக்க வெளிறியிருக்க, நடுவில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. அதன் இரு முனைகளிலும் ஊசி குத்திய துளைகள், ஒன்றில் நூல் துணுக்கு இன்னும் சிக்கியிருந்தது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் 8-வது ராணுவத்தில் 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை இருந்தவர்களுக்கு ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பன் மேல் தைத்துக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டி கொடுத்தார்கள். அது இருந்து கழன்று போயிருக்கிறது என்பதே என் முடிவு. புதிதாக ஒரு பட்டி வாங்கித் தைக்கலாமே என்று நண்பர் கேட்டார். மாட்டேன். அந்த மங்காத பட்டையும் நூலும் சொல்வதைப் புதுப் பட்டி மறைத்துவிடும்.

அசலா என்று பார்த்தது

இந்த நட்சத்திரங்களுக்கு நகல்கள் ஏராளம். வார்த்து எடுத்த நகலில் எழுத்தின் ஓரம் மழுங்கி, லென்ஸில் குமிழித் துளைகள் தெரியும். அசலில் கிரீடத்தின் மணிகள்கூடத் தனித்தனியாகக் கூர்மையாக இருக்கும். அப்புறம் பெயர் பொறித்த விதம். அச்சு வைத்து அடித்த எழுத்தில் உலோகம் அமுங்கி ஓரம் சற்றே மேலே பிதுங்கும். இன்றைய மெஷினில் செதுக்கினால் உலோகம் வெட்டி எடுக்கப்பட்டு பள்ளம் பளிச்சென்று இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் அழுக்கும் களிம்பும் இயல்பாகப் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வட்டப் பதக்கத்தில் வேறொரு வித்தை நடக்கும். உண்மைப் பெயரை அராவி எடுத்துவிட்டு விலை போகக்கூடிய பெயரை அடிப்பார்கள். அராவினால் குறுக்களவு குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பதக்கத்தை வெர்னியர் காலிப்பரால் நாலைந்து திசையில் அளந்தால் உண்மை வந்துவிடும். என்னுடையதில் எல்லா இடத்திலும் ஒரே அளவு.

ரிப்பனுக்கு யு.வி. டார்ச் போதும். 1950-களுக்குப் பிறகுதான் துணியிலும் காகிதத்திலும் வெண்மையூட்டும் ரசாயனங்கள் பரவலாக வந்தன. அவை புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். இத்தாலி ஸ்டாரின் வெள்ளைக் கோடு ஒளிரவில்லை, பழுப்பாகவே இருந்தது. பர்மா ஸ்டாரின் ரிப்பனோ ஓரத்து நூல்களில் பளீரென்று மின்னியது. பதக்கம் அசல், ரிப்பன் புதிது. யாரோ அண்மையில் மாட்டியது.

அது எப்படி இந்த டப்பாவுக்குள் வந்தது என்று ஊகிக்க அதிகம் தேவையில்லை. நம் ஊரில் போர் என்றாலே பர்மாதான் நினைவுக்கு வரும், பர்மா இருந்தால் செட்டு விலை போகும். ஆனால் அது இன்னொருவரின் பதக்கம். இந்தியன் பயனியர் கோரில் இருந்தவர், சாலை போடவும் சுமை தூக்கவும் போன படை அது. அவருடைய மற்ற பதக்கங்கள் எங்கோ வேறொரு டப்பாவில் இருக்கும். ஒருவருடைய பதக்கங்களைப் பிரிப்பதும், இரண்டு பேருடையதை ஒன்றாக்குவதும் ஒரே தவறுதான். இரண்டு மனிதர்களுடைய வாழ்க்கையும் அதில் குழம்பிவிடுகிறது. அன்றே அதைத் தனி உறையில் போட்டு, எந்த டப்பாவில் கிடைத்தது என்று எழுதி வைத்தேன்.

பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீடத்தின் வடிவம் பார்த்தால் போதும்: மேல்வளைவு உருண்டையாக எழும்பி இருந்தால் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட மன்னர் காலத்துக் கிரீடம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக்குப் பிந்தையது. டப்பாவில் இரண்டு வகையும் இருந்தன. ஆகவே ஆள் சுதந்திரத்துக்குப் பிறகும் படையில் இருந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

அட்டைகள்

கட்டில் பெரும்பாலானவை எழுதாத படத் தபால் அட்டைகள். கீசா பிரமிடு, கெய்ரோ மசூதிகள், நைல் பாய்மரப் படகு. பின்புறம் லெனர்ட் அண்ட் லாண்ட்ராக், கெய்ரோ என்று அச்சிட்டிருந்தது. 1920-களிலிருந்து கெய்ரோவில் கடை வைத்து நல்ல புகைப்பட அட்டைகள் போட்டவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் லீவில் கெய்ரோ போன சிப்பாய்கள் வாங்கி வந்த பொருள் இது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அச்சுப் படத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இவற்றில் புள்ளியே இல்லை, நிழலிலிருந்து வெளிச்சம்வரை ஒரே சீராக ஓடியது. சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதிகளில் வெள்ளிப் பூச்சுபோல ஒரு மினுக்கம். பழைய புகைப்படத் தாளில் வெள்ளி மேலே வந்து படியும்போது இப்படி ஆகும். நகலில் இதைக் கொண்டுவருவது சுலபம் இல்லை.

அட்டையின் படத்துக்குக் கீழே உள்ள வரியை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு என் சேகரிப்பில் வேறொரு அட்டை இருக்கிறது. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது பிரெஞ்சுக்காரர்கள் அட்டை அட்டையாக அச்சிட்டுத் தள்ளினார்கள். பலவற்றில் 'இந்துக்கள்' என்றே போட்டிருப்பார்கள். படத்தில் நிற்பவர்களோ சீக்கியர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாணியர்கள். தலைப்பாகை கட்டிய விதம், தோள்பட்டை எழுத்து, சீருடை இவற்றைப் பார்த்துத்தான் படையைச் சொல்ல வேண்டும். எம்டன் கப்பல் அட்டைகளும் அப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட அந்தக் கப்பலின் படத்தை ஜெர்மனியில் பல வருடம் அச்சிட்டார்கள், போர் முடிந்த பிறகும்கூட. 'எம்டன் குண்டுத் துண்டு' என்று சொல்லி விற்கும் இரும்புத் துண்டுகளை, எங்கிருந்து வந்தது என்ற எழுத்து ஆதாரம் இல்லாமல் வாங்காதீர்கள்.

சரி, கட்டின் அடியில் இருந்த ஒரே ஒரு எழுதிய அட்டைக்கு வருகிறேன். என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டது அதுதான்.

படம் எதுவும் இல்லாத, போர்க்காலத்து மட்டமான பழுப்பு அட்டை. மேலே ஆங்கிலத்தில் 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்', அதாவது போர்ப் பணியில், என்று கையால் எழுதியிருந்தது. ஊதா மையில் சென்சார், அதாவது கடிதத் தணிக்கை, முத்திரை, அதன் அடியில் ஓர் அதிகாரியின் சுருக்கெழுத்து. தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் கிடையாது, எஃப்.பி.ஓ. என்று போட்டு ஓர் எண் மட்டும். படை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதென்று கள அஞ்சலகங்களுக்கு எண் மட்டுமே கொடுத்தார்கள். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று அஞ்சல் வரலாற்று ஆர்வலர்கள் பல வருடம் உழைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எண் கிடைத்துவிட்டது. தேதி வேண்டுமே? முத்திரையில் 'மார்' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கு மேல் எல்லாம் தீற்றலாக இருந்தது. வருடம் தெரியவில்லை.

அட்டையைத் திருப்பினால் தமிழ். பொடிப் பொடியாக, இடம் வீணாகாமல், ஓரத்திலும் சுற்றி எழுதியிருந்தார். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் பக்கத்தில் தேதி, நம் பழைய முறையில்: சுபானு ௵ பங்குனி ௴ ௩ ௳. வருடம், மாதம், நாள் மூன்றுக்கும் அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய குறிகள், இன்று கம்ப்யூட்டர் எழுத்துருவில் மட்டும் உயிரோடு இருப்பவை. அறுபது வருடச் சுழற்சியில் சுபானு 1943 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1944 ஏப்ரல் நடுவில் முடிகிறது. பங்குனி 3 என்றால் 1944 மார்ச் 16-ஐ ஒட்டி. முத்திரையின் 'மார்' அதோடு சேர்ந்துகொண்டது. பட்டியலில் அந்த எண்ணுக்கு அந்தத் தேதியில் இத்தாலி.

கடிதம் வழக்கப்படி இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமம் அறிய ஆவல் என்று தொடங்கிற்று. குடும்பத்துக்குப் பிடித்து அனுப்பும் சம்பளப் பணம் மாதா மாதம் வந்து சேருகிறதா, கிணற்று மேட்டு நிலத்துக்கு என்ன போட்டீர்கள், பசு கன்று போட்டதா என்று கேள்விகள். போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை விடாமல் பெய்கிறது என்று மட்டும் ஒரு வரி. பங்குனி வெயிலில் வட ஆற்காட்டில் உட்கார்ந்து அதைப் படித்தவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த கசினோ மீதான மூன்றாவது தாக்குதல் அந்த மழையால்தான் மூன்று வாரம் தள்ளிப்போய், மார்ச் 15-ல் தொடங்கியது. அதற்கு மறுநாளையொட்டிய தேதி போட்ட அட்டை இது. அடுத்த வரியைச் சென்சார் கறுப்பு மையால் அடித்திருந்தார். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தும் அடியில் எழுத்தின் தடம் பிடிபடவில்லை. சுரண்டவோ, ரசாயனம் தொடவோ மாட்டேன். அந்தக் கறுப்பும் அட்டையின் வரலாறுதான்.

ஆளைத் தேடியது

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் முதலில் பெயரையும் எண்ணையும் போட்டுப் பார்த்தேன். உயிரிழந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள், இவர் இல்லை. திரும்பி வந்துவிட்டார் என்று நம்ப அது போதும். அட்டையின் முகவரியில் கிராமமும் தாலுகாவும் வட ஆற்காடு ஜில்லா என்றும் இருந்தது. ஊர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் மாறவில்லை. டீக்கடையில் விசாரித்ததுமே "மிலிட்டரிக்காரர் வீடா?" என்று கைகாட்டிவிட்டார்கள்.

குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. பேரன் நாற்பது வயதைத் தாண்டியவர். தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லி வந்திருக்கிறார்கள். எகிப்து, இத்தாலி என்று நான் சொன்னதும் முதலில் தலையாட்டி மறுத்தார். அப்புறம் பூஜை அலமாரியிலிருந்து ஒரு பதக்கம் எடுத்து வந்தார். காவி, வெள்ளை, பச்சை ரிப்பன் என்பதால் அது ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இந்திய சுதந்திரப் பதக்கம். ஒரு பக்கம் அசோகச் சிங்கமும் தேதியும், மறுபக்கம் அசோகச் சக்கரத்துக்கு மேல் பிரிட்டிஷ் கிரீடம். இரண்டு அரசுகளின் சின்னமும் ஒரே உலோகத்தில் இருக்கும் அபூர்வமான பொருள் அது.

திண்ணையில் வைத்தே டார்ச்சைப் பிடித்து விளிம்பைப் படித்தோம். நான் எழுதி வைத்திருந்த எண்ணைப் பேரனிடம் கொடுத்து, அவரையே ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்க்கச் சொன்னேன். கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தது. அட்டையை அவருடைய அத்தை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கிணற்று மேட்டு நிலம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்கு பதக்கங்களையும் அட்டையையும் குடும்பத்திடமே கொடுத்துவிட்டேன். படங்களும் குறிப்புகளும் என்னிடம் இருக்கின்றன, சேகரிப்பவனுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். கெய்ரோ அட்டைகளை நான் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

பத்திரப்படுத்த அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். நம் ஊரில் பழைய காகிதம் என்றாலே அந்தக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் கூடாது, பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அட்டைக்குப் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மெத்தென்று நாற்றமடிக்கும் பி.வி.சி. உறை உலோகத்தையும் காகிதத்தையும் கெடுக்கும். பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். அந்துருண்டை பதக்கத்தையோ ரிப்பனையோ தொடக் கூடாது. குறிப்பு எழுதுவதென்றால் தனித் தாளில், பென்சிலால்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நூறு வருடம் தாண்டிய பொருள்கள் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், வெளிநாட்டுக்கு விற்க நினைக்கும் முன் விசாரியுங்கள். முதல் உலகப் போர்ப் பொருள்கள் எல்லாம் இப்போது அந்த வயதில்தான் இருக்கின்றன. பெட்டியில் தோட்டாவோ குண்டோ கிடைத்தால் சுத்தம் செய்து பார்க்க வேண்டாம், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

பர்மா ஸ்டார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புது ரிப்பனைக் கழற்றி அதே உறையில் தனியாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பயனியர் கோர் என்று பொறித்த வார் மெடலோ 1939-45 ஸ்டாரோ இருந்தால், தேய்க்காமல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நட்சத்திரத்தின் பின்புறத்தையும் பதக்கத்தின் விளிம்பையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, சேர்ந்தால் அது உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.